இலங்கைக்கு எப்போது போகலாம்? கடல், மலை, மழை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களும் தமிழ்நாட்டு நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். பாதிப் பேர் விமான ரிக்கெட்டை எடுத்து முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்பே கேட்டிருந்தால் இன்னும் நல்ல பயணமாக அமைந்திருக்குமே என்ற ஆதங்கத்தில்தான் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்த மாதம் நல்லது?

ஒரே ஒரு காலம்தான் சொல்ல வேண்டுமென்றால் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரை. அப்போது வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், தென்மேற்கு மழை இன்னும் தொடங்கியிருக்காது. காலி, மாத்தறைப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். மலையில் காலை வானம் தெளிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் வெயில் இன்னும் ஏறியிருக்காது.

ஆனால் உங்களுக்கு விடுமுறை ஓகஸ்டில்தான் என்றால் மனம் தளர வேண்டாம். ஓகஸ்டிலும் இந்தத் தீவின் பாதிப் பகுதி அருமையாக இருக்கும், போக வேண்டிய பாதியை மட்டும் மாற்ற வேண்டும். இலங்கையில் "எப்போது" என்ற கேள்வியைத் தனியாகக் கேட்க முடியாது, "எந்தப் பக்கம்" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பயண வழிகாட்டிகள் பலவும் "டிசம்பர் முதல் ஏப்ரல் வரை" என்று எழுதி முடித்துவிடுகின்றன. அது தென்மேற்குக் கடற்கரைக்கு வெயில் தேடி வரும் ஐரோப்பியருக்கான கணக்கு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் போக நினைப்பவர் அதை நம்பி டிசம்பரில் வந்தால் குடையோடுதான் நிற்க வேண்டும்.

65,610 சதுர கிலோமீற்றர் தீவில் ஒரே நாளில் எப்படி இரண்டு காலநிலை?

நடுவில் நிற்கும் மலைதான் காரணம். தெற்கு நடுப்பகுதியில் மலைநாடு எழுந்து நிற்கிறது. அதன் உச்சி பிதுருதலாகலை, 2,524 மீற்றர். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இந்தச் சுவரில் மோதி மேலே ஏற வேண்டும். ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. தாண்டி இறங்கும்போது ஈரமில்லாத வெறும் காற்றாக இறங்குகிறது.

மே முதல் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. கொழும்பு, காலி, இரத்தினபுரி, ஹற்றன் பக்கமெல்லாம் மழை. மேற்குச் சரிவில் வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அதே காற்று மலையைக் கடந்து மட்டக்களப்பை அடையும்போது சூடான வறண்ட காற்றாக வீசுகிறது. அதைத்தான் கிழக்கில் கச்சான் காற்று என்கிறார்கள். (நிலக்கடலைக்கும் அங்கே கச்சான் என்றுதான் பெயர். "கச்சான் தொடங்கிட்டுது" என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார் என்பதைப் பேச்சை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.) யாழ்ப்பாணத்தில் இதே பருவக் காற்றுக்குச் சோளகம் என்று பெயர்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை காற்று திரும்புகிறது. இது வடகிழக்கிலிருந்து வரும் வாடை. இப்போது நனைவது கிழக்கும், பதுளைப் பக்கச் சரிவுகளும். மேற்குச் சரிவு காய்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் பதுளைக்குப் போகும் புகையிரதத்தில் ஏறுங்கள். பட்டிப்பொலைக்கும் ஓஹியாவுக்கும் இடையில் ஒரு சுரங்கப்பாதை வரும். ஒரு பக்கம் மூடுபனியும் தூறலுமாக உள்ளே நுழைந்த வண்டி, மறுபக்கம் பளிச்சென்ற வெயிலில் வெளியே வருவதுண்டு. காலநிலைப் பாடம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தேயிலைக்கும் இந்தக் கணக்குத் தெரியும். மேற்குச் சரிவின் திம்புள்ளத் தேயிலைக்கு மணம் கூடும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கிழக்குச் சரிவின் ஊவாத் தேயிலைக்கோ ஜூலை முதல் செப்டெம்பர் வரை. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான்: வறண்ட காற்று வீசும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது, சுவை செறிகிறது. மலையகத்தில் எந்த மாதம் எந்தப் பக்கம் காய்ந்திருக்கும் என்று நினைவு வைக்க எனக்கு இதைவிட எளிய வழி தெரியாது.

அப்படியானால் ஆண்டை நான்காகப் பிரிக்கலாமா?

வளிமண்டலவியல் திணைக்களமே அப்படித்தான் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவம்.

இவற்றில் நீங்கள் தயங்க வேண்டியது ஒக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு மட்டும்தான். மற்றப் பருவங்களில் ஒரு பக்கம் நனைந்தால் இன்னொரு பக்கம் காயும். இந்த இரண்டு மாதங்களில் தீவு முழுவதும் நனையும். காலையில் வெயிலடிக்கும், மதியத்துக்குப் பிறகு இடி மின்னலோடு கொட்டும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாவதும் இந்தக் காலத்தில்தான்.

முதலாவது இடைப்பருவம் அவ்வளவு கடுமையில்லை. ஏப்ரலில் மாலை இடிமழை உண்டு. ஆனால் காலைப் பொழுது பெரும்பாலும் உங்களுடையது.

ஒரே பயணத்தில் கடலும் மலையும் பார்க்க வேண்டும். எதை எதோடு சேர்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வருபவர்கள் தென்மேற்குக் கடற்கரையை மேற்கு மலையோடு சேர்க்க வேண்டும். உனவட்டுன, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ ஒரு பக்கம், ஹற்றன், நுவரெலியா, சிவனொளிபாதமலை மறுபக்கம். எல்ல, பண்டாரவளைப் பக்கம் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் மழைக்கு இடமுண்டு. பெப்ரவரியில் அதுவும் தெளியும்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை வருபவர்கள் கிழக்குக் கடற்கரையை ஊவா மலையோடு சேர்க்க வேண்டும். பாசிக்குடா, நிலாவெளி, அறுகம்குடா ஆகியவற்றோடு எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளை. இந்த இணைப்பைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. எல்லவிலிருந்து மொனராகலை வழியாக அறுகம்குடாவுக்கு இறங்கினால், குளிரான தேயிலைச் சரிவிலிருந்து அலையடிக்கும் கடற்கரைக்கு ஒரே நாளில் வந்துவிடலாம். ஜூலையில் வருபவர்கள் நுவரெலியாவில் நாலு நாள் அறை எடுத்து மூடுபனிக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கேட்பதில்லை. இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போயிருந்தால் வெயிலைக் கண்டிருப்பார்கள்.

டிசம்பர் விடுமுறையில் திருகோணமலைக்கு மலிவாக அறை கிடைக்கிறது. எடுக்கலாமா?

மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு டிசம்பரில் நானும் அப்படி நிலாவெளியில் மூன்று நாள் அறை எடுத்தேன். கடல் கலங்கிக் கரைமேல் ஏறிக்கொண்டிருந்தது. புறாத்தீவுக்குப் படகு இல்லை. அறைக்காரர் முன்பே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கோணேசர் கோவிலைக் கும்பிட, கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்க, நண்பர்களைப் பார்க்க என்றால் தாராளமாகப் போங்கள். மழைக்கால வயல்வெளி பச்சைப்பசேலென்று கிடக்கும், அதுவும் ஒரு அழகுதான். ஆனால் கடலில் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டாம். ஏப்ரல் பிறக்கட்டும். மே முதல் செப்டெம்பர் வரை அந்தக் கடல் கண்ணாடி போலக் கிடக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு எந்தக் காலம்?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கோவில் திருவிழாவுக்கென்றால் சந்தேகமே வேண்டாம், நல்லூர். கொடியேற்றத்திலிருந்து 25 நாள், ஆவணி அமாவாசையில் தீர்த்தம், அதற்கு முந்தின நாள் தேர். பெரும்பாலும் ஓகஸ்டில் வரும், சில ஆண்டு ஜூலை கடைசியிலேயே தொடங்கும். ஆங்கிலத் திகதி ஆண்டுக்காண்டு மாறுவதால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ரிக்கெட் எடுங்கள். தேருக்கு அண்மித்த நாட்களில் நல்லூர்ப் பக்கம் அறை கிடைப்பது கடினம், பல மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். வெயில் கடுமைதான், ஆனால் சோளகம் வீசுவதால் மாலைகள் தாங்கக்கூடியவை.

மாம்பழத்துக்கென்றால் மே, ஜூன், ஜூலை. கறுத்தக்கொழும்பான் பழுக்கும் காலம். இந்த ஒரு பழத்துக்காகவே வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து, இதில் நான் நடுநிலையானவன் இல்லை.

நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கவென்றால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. மழை முடிந்து குளங்கள் நிறைந்திருக்கும். வயலில் காலபோக நெல் விளைந்து அறுவடை நடக்கும். அதிகாலையில் பனி இறங்கும். மன்னார்ப் பக்கம் போனால் வங்காலையில் வலசை வந்த பூநாரைகளைப் பார்க்கலாம்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை மழையும் வெள்ளமும். ஏப்ரல் கடைசியும் மேயும் புழுக்கம். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகு ஓடுகிறதா என்று முந்தின நாளே விசாரியுங்கள். காற்று முற்றிய நாட்களில் படகை நிறுத்திவிடுவார்கள், நாள் முழுக்கக் கரையில் காத்திருக்க நேரும். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் பயணிகள் கப்பலும் அப்படித்தான். வாடைக் காலத்தில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சிவனொளிபாதமலை எப்போது ஏறலாம்?

டிசம்பர் முழுமதியில் தொடங்கி மே மாத வெசாக் முழுமதி வரை யாத்திரைக் காலம். அப்போது நல்லதண்ணிப் பாதை முழுக்க மின்விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், இரவிரவாக ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். உயரம் 2,243 மீற்றர், படிகள் ஐயாயிரத்துக்கு மேல். நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கினால் சூரியோதயத்துக்கு உச்சியில் இருக்கலாம். முழுமதி நாட்களிலும் சனி, ஞாயிறிலும் நெரிசலில் படிக்குப் படி நின்று நின்று ஏற வேண்டும். எனவே கிழமை நாளில் போங்கள்.

யாத்திரைக் காலம் முடிந்தால் விளக்கில்லை, கடையில்லை, மழையும் காற்றும் உண்டு. ஏறுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தனியாக, இருட்டில், பழக்கமில்லாமல் ஏறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நுவரெலியாவில் உண்மையிலேயே குளிருமா?

குளிரும். ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில், கொழும்பில் 27. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. கம்பளி உடுப்பு இல்லாமல் போகாதீர்கள்.

உலக முடிவைப் பார்க்கப் போனேன், வெள்ளையாக மேகம்தான் தெரிந்தது. ஏன்?

பிந்திப் போயிருப்பீர்கள். ஹோட்டன் சமவெளியின் அந்த விளிம்பில் நிலம் ஏறக்குறைய 880 மீற்றர் ஒரேயடியாக இறங்குகிறது. கீழே பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏற, சூடான ஈரக்காற்று மேலே எழுந்து மேகமாகி விளிம்பை மூடிவிடும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பார்வை கிடைப்பது அதிர்ஷ்டம். காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் வாய்ப்பு அதிகம். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையே மூடியிருக்கும்.

விலங்குகளுக்காக வருகிறேன். மாதம் சொல்லுங்கள்.

யானைக்கு ஓகஸ்ட், செப்டெம்பர், இடம் மின்னேரியா. இது காலநிலையும் பழைய பொறியியலும் சேர்ந்து தரும் காட்சி. மகாசேன மன்னன் கட்டிய குளம் அது. வறட்சியில் நீர் வற்றும்போது குளத்தின் படுகையில் பசும்புல் முளைக்கிறது. சுற்றியிருக்கும் காடு காய்ந்து கிடப்பதால் யானைகள் நூற்றுக்கணக்கில் புல்லுக்கும் நீருக்கும் அங்கே வந்து சேர்கின்றன. குளத்தில் நீர் வற்றாத ஆண்டில் புல் முளைக்காது. அப்படியான நாட்களில் உள்ளூர் ஜீப்காரர்களைக் கேட்டால், யானைகள் பக்கத்துக் கவுடுல்லக் குளத்துக்குப் போயிருக்கின்றனவா என்று சொல்வார்கள். குளம் குறித்த அன்றன்றைய தகவல் அவர்களிடம்தான் இருக்கும்.

கரடிக்கு ஜூன், ஜூலை. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் வில்பத்து, யாலக் காடுகளில் கரடிகள் மரத்தடிக்கு வரும், மரத்திலும் ஏறும். சிறுத்தையை வறண்ட மாதங்களில் நீர்நிலை ஓரம் பார்ப்பது எளிது. யாலவின் முதலாம் வலயத்தைச் செப்டெம்பரிலிருந்து ஒக்டோபர் நடு வரை மூடுவது வழக்கம். அதை மட்டும் கவனியுங்கள்.

திமிங்கிலமும் பருவக்காற்றோடு பக்கம் மாறித்தான் கிடைக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, மே முதல் ஓகஸ்ட் வரை திருகோணமலை. நீலத்திமிங்கிலம் இரண்டு பக்கமும் உண்டு. அமைதியான கடல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் படகு போகும். திருகோணமலைப் பக்கம் கூட்டம் குறைவு. அதனால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை மன்னாரும் புந்தலையும். கூடு கட்டும் பறவைகளைப் பார்க்க ஏப்ரலிலிருந்து ஜூலை வரை குமண.

இன்னொன்றும் உண்டு. மட்டக்களப்பு வாவியில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான நிலவு இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்கள். துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய வழக்கம். மீன் பாடும் தேன்நாடு என்ற பெயரே அதனால்தான்.

மழைக்காலத்தில் வந்தால் காசு வீண்தானா?

வீணில்லை, மழை எப்படிப் பெய்கிறது என்று தெரிந்து வந்தால். தென்மேற்குப் பருவத்திலும் கொழும்பில் நாள் முழுக்கக் கொட்டுவதில்லை. ஒரு பாட்டம் பெய்யும், விடும், வெயிலடிக்கும். அறை வாடகை குறையும். அருவிகள் நிறைந்து விழும். 263 மீற்றர் உயரமான பம்பரகந்த அருவி வறண்ட மாதங்களில் மெல்லிய கோடாகிவிடும், அதைப் பார்க்க மழைக்குப் பின்தான் போக வேண்டும். சிங்கராஜக் காட்டில் மட்டும் மழை மாதங்களில் அட்டைக்கடி பொறுக்க முடியாது. காலுறைக்கு மேல் அட்டைக்கான தனி உறை கட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் மலையில் மழை விளையாட்டில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் தீவைக் கடந்தபோது 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு ஊர்களையே மூடியது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அங்குள்ள மூத்தவர்கள் இன்றும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் இலங்கையின் வடக்கைக் கடந்துதான் போனது. மூன்றும் நவம்பர், டிசம்பரில் வந்தவை.

ஆகவே அந்த மாதங்களில் மலையில் இருந்தால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பை நாள்தோறும் பாருங்கள், தமிழிலும் வெளியாகிறது. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக விடுக்கிறது. சிவப்பு எச்சரிக்கை விடுத்த இடத்தில் அறைக்குக் கட்டிய காசைப் பார்த்துக்கொண்டு தங்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, நோயாளர் வண்டிக்கு 1990. இரண்டையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

கடலில் குளிக்க எந்த மாதம் எங்கே பாதுகாப்பு?

டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கிலும் மேற்கிலும். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கில். பருவம் மாறிய கரையில் இறங்காதீர்கள். ஜூனில் ஹிக்கடுவவில் கரையோரம் பார்க்க அமைதியாகத் தெரியும், ஆனால் இரண்டு அலைகளுக்கு நடுவில் உள்ளே இழுக்கும் நீரோட்டம் ஓடும். நல்ல நீச்சல்காரரையும் அது கொண்டுபோய்விடும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. இழுபட்டுவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலகுங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பாசிக்குடா. பவளப்பாறை அரணாக இருப்பதால் தூரம் வரை முழங்கால், இடுப்பளவு தண்ணீர்தான். அதற்காகவே பயணத்தை ஜூன், ஜூலைக்குத் தள்ளலாம். அலைச்சறுக்குக்கு அறுகம்குடா, மே முதல் ஒக்டோபர் வரை. காற்றுப் பட்டத்தில் சறுக்குபவர்கள் கற்பிட்டிக்கு மே முதல் ஒக்டோபர் வரை வருகிறார்கள். மற்றவர்கள் மழையென்று ஒதுங்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் அவர்களுக்கு வேண்டியது.

எந்தத் திருவிழா நாட்களை விரும்பி வரலாம், எவற்றைத் தவிர்க்கலாம்?

விரும்பி வரக் கூடியவை பல. கண்டி எசல பெரஹரா ஊர்வலம் ஜூலை, ஓகஸ்டில், முழுமதியோடு முடியும். கதிர்காமத் திருவிழா சில ஆண்டு அதே நாட்களில் வரும், சில ஆண்டு ஒரு மாதம் முந்திவிடும். அதற்கு முன் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடியார்கள் குமண, யாலக் காடு வழியாகக் கால்நடையாகப் போவார்கள். மடு மாதா திருவிழா ஓகஸ்ட் 15. வெசாக் இரவுகளில் கொழும்பு விளக்குக் கூடுகளால் நிறையும், தன்சல்களில் வருவோர் போவோருக்கெல்லாம் இலவசமாக உணவு கொடுப்பார்கள். கவனித்தீர்களா, வடக்கு, கிழக்கு, கண்டி விழாக்கள் பலவும் கோடை நடுவில் வருகின்றன. ஓகஸ்ட் மோசமான மாதம் என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

தவிர்க்க வேண்டியது ஏப்ரல் 12 முதல் 16 வரை. சித்திரைப் புத்தாண்டுக்கு நாடே ஊருக்குப் போய்விடும். கடைகள், உணவகங்கள் மூடியிருக்கும். பேருந்தில் கால் வைக்க இடமிருக்காது. நுவரெலியாவில் ஏப்ரல் முழுக்க வசந்தகாலக் கொண்டாட்டம். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமுமாக ஊர் நிறைந்து, வாடகை பல மடங்கு ஏறும். யாராவது உறவினர் வீட்டில் புத்தாண்டுக்குக் கூப்பிட்டிருந்தால் மட்டும் அந்த நாட்களில் வாருங்கள். அப்போது அதைவிட நல்ல காலம் இல்லை.

முழுமதி தோறும் பொது விடுமுறை, மது விற்பனை இல்லை.

கண்டியிலிருந்து எல்லவுக்குப் புகையிரதம். எப்போது, எப்படி?

மேற்குச் சரிவும் கிழக்குச் சரிவும் ஒரே பயணத்தில் வருவதால் எந்த மாதம் ஏறினாலும் பாதி வழியில் வானம் மாறும். தெளிவாகப் பார்க்க ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. மூடுபனியோடு பார்க்க ஜூன், ஜூலை. எனக்குப் பிடித்தது பின்னது. தேயிலைச் சரிவில் மேகம் இறங்கி, கொழுந்து பறிப்பவர்களின் தலைகள் மட்டும் தெரியும் காட்சிக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

இருக்கை ஒதுக்கிய ரிக்கெட் முன்பதிவு திறந்த உடனே தீர்ந்துபோகும், திகதியைக் குறித்து வைத்துக் காத்திருங்கள். டித்வாப் புயலில் இந்த மலைப்பாதை பல இடங்களில் சேதமடைந்தது. எனவே நீங்கள் வரும் நாட்களில் எந்தெந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று பார்த்துவிட்டே பதிவு செய்யுங்கள். 1921-இல் கட்டி முடித்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எல்லவிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். அதற்குப் புகையிரதத்தில் இடம் கிடைக்க வேண்டுமென்றில்லை.

வயதான பெற்றோரைக் கூட்டி வருகிறேன்.

பெப்ரவரி. வேறு மாதத்தை யோசிக்கவே வேண்டாம். அனுராதபுரம், பொலனறுவைத் தொல்லிடங்களில் செருப்பில்லாமல் கல்மேல் நடக்க வேண்டியிருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு நடுப்பகலில் அந்தக் கல் கால் வைக்க முடியாத சூடு. வேறு மாதத்தில்தான் முடியுமென்றால் காலை ஒன்பதுக்குள், மாலை நாலுக்குப் பின் என்று பிரித்துப் பாருங்கள். சீகிரியாவுக்கும் அப்படித்தான், வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

எல்லாம் பார்த்துத்தான் வந்தேன், ஆனாலும் போன இடத்தில் மழை விடவில்லை. என்ன செய்வது?

மலையின் மறுபக்கம் போங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் தெரிந்து வைப்பதன் பயனே இதுதான். ஜூலையில் நுவரெலியா மூடிக் கிடந்தால் வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்கு இறங்குங்கள். ஜனவரியில் பதுளை நனைந்தால் ஹற்றன் பக்கம் ஏறுங்கள். இரண்டுமே சில மணி நேரப் பயணம். இதற்காகத்தான் மலைநாட்டில் எல்லா இரவுக்கும் ஒரே இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முதல் இரண்டு இரவுக்கு அறை எடுங்கள். மூன்றாவது நாள் காலையில் எழுந்து, தேநீர்க் கடைக்காரரிடம் "மழை எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டும் திசைக்கு எதிர்த்திசையில் வண்டி ஏறுங்கள்.